கோழிக் கூட்டுக்குப் பக்கத்தில் சுருக்கு வைக்க முன்னர் இதை ஒருக்கா வாசியுங்கள்



போன கிழமை எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு சகோதரர் கேட்டிருந்தார்: "கோழி தூக்குற மிருகத்துக்குச் சுருக்கு வைக்கிறது எப்படி? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க." கொஞ்ச நேரத்துக்குள் நிறையப் பதில்கள் வந்துவிட்டன. பழைய பிரேக் கேபிள் போதும் என்றார் ஒருவர். வேலியில் எந்த உயரத்தில் கட்ட வேண்டும் என்று படம் கீறியே போட்டார் இன்னொருவர். "நஞ்சு வைங்க, லேசு" என்றும் ஒரு பதில். ஆனால் கோழியைத் தூக்குவது எந்த மிருகம் என்று யாருமே கேட்கவில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

நான் விஞ்ஞான பாடம் படிப்பிக்கிற ஒரு டீச்சர். ஆனால் இந்த விசயத்தில் என்னுடைய முதல் ஆசிரியர் கல்வியியற் கல்லூரியில் இருக்கவில்லை, வீட்டில் இருந்தார். வாப்பா நாற்பது வருசம் வயல் செய்தவர். அகழானுக்குக் கூட்டுப்பொறி வைப்பதில் கெட்டிக்காரர். பொறி வைக்க முன்னர் ஒரு பின்னேரம் முழுக்க வரம்பிலே குந்தியிருந்து தடம் பார்ப்பார். "யார் வாறான் என்டு தெரியாம பொறி வைக்கிறவன் கள்ளனப் புடிக்க மாட்டான், அயலவனத்தான் புடிப்பான்" என்பார். கல்லூரியில் சூழலியல் படித்தபோது அந்தப் பேச்சின் அர்த்தம் இன்னும் நன்றாக விளங்கியது.

எங்கள் தெருவில் ஒரு ராத்தா இருக்கிறார். கணவர் மவுத்தாகி ஆறு வருசம். பன்னிரண்டு கோழி வளர்த்து, முட்டை விற்ற காசில் மகளின் டியூசன் செலவைப் பார்க்கிறார். நோன்புக்கு முந்திய மாதம் மூன்று இரவுகளில் ஐந்து கோழி போய்விட்டது. வயல் பக்கமிருந்து 'புலிப்பூனை' வருகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். கம்பி கொண்டுவந்து கட்டித் தரவும் ஒருவர் ஆயத்தமாகிவிட்டார். நான் வேண்டாம் என்றதும் ராத்தா சொன்னார்: "டீச்சர், ஒங்களுக்குப் பூன பாவம். என்ட கோழி பாவமில்லையா? என்ட புள்ள பாவமில்லையா?"

நியாயமான கேள்வி. காட்டு விலங்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்று எழுதுகிற பலர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. ஐந்து கோழி அவருக்கு ஒரு மாதத்து வருமானம். "மிருகம் பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவர எனக்கு முகமில்லை. "ஒரே ஒரு இரவு தாங்க" என்று கேட்டேன். அன்று அஸருக்குப் பிறகு கூட்டைச் சுற்றி இரண்டு முழ அகலத்துக்கு அடுப்புச் சாம்பலையும் மணலையும் கலந்து தூவி, விளக்குமாற்றால் மட்டப்படுத்தினோம். மழை இல்லாத இரவென்றால் இது போதும். காலையில் போய்ப் பார்த்தால் யார் வந்தது என்று நிலமே சொல்லும்.

சுபஹுக்குப் பிறகு பார்த்தோம். தெளிவான தடம். நான்கு விரல், ஒவ்வொரு விரலுக்கும் முன்னால் நகம் குத்திய புள்ளி. பூனை வகைகள் பெரும்பாலும் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். தடம் வட்டமாக இருக்கும், நகப் புள்ளி பொதுவாக விழாது. இது நாய். அதுவும் ஒன்றல்ல, இரண்டு. தெரு முனையில் கோழிக் கழிவு கொட்டுகிற இடத்தில் சுற்றித் திரிகிற நாய்கள். கூட்டின் கீழ்ப் பலகையைக் கிளப்பிக்கொண்டு உள்ளே போயிருக்கின்றன. அன்றைக்குச் சுருக்கு வைத்திருந்தால் நாயோ, பக்கத்து வீட்டுப் பூனையோ, விடியற்காலையில் அந்த வழியால் குர்ஆன் மத்ரசாவுக்குப் போகிற பிள்ளையின் காலோ அதில் மாட்டியிருக்கும். வராத புலிப்பூனை மாட்டியிருக்காது.

ஆகவே முதலில் ஆளை அடையாளம் காணுங்கள். எங்கள் பக்கத்தில் கோழிக்கு வருகிறவர்கள் இவ்வளவுதான்:

கீரி: பகலில் வரும். முட்டையும் குஞ்சும்தான் அதிகம் போகும். நம் முஷ்டி நுழைகிற ஓட்டை இருந்தால் அதற்குத் தாராளம்.

மரநாய்: இரவில் வரும், மேலால் வரும். மாமரம், பலாமரக் கிளை கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதுதான் அதன் பாதை. பழ விதைகள் நிறைந்த எச்சம் கூரையிலோ மதிலிலோ கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

நாய்: கண்டபடி கடித்துப் போட்டுவிட்டுப் போகும். தின்னாமல் செத்துக் கிடக்கிற கோழிகள் அதிகம் இருக்கும்.

உடும்பு, கபரகொய்யா: பகலில், பெரும்பாலும் முட்டைக்கும் குஞ்சுக்கும்.

மலைப்பாம்பு: இறகு கிடக்காது, இரத்தம் இருக்காது, கோழி மட்டும் இருக்காது. சில நேரம் விழுங்கிய வயிற்றோடு வெளியே போக முடியாமல் கூட்டுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும்.

மீன்பிடிப் பூனை: இதைத்தான் நம்மவர்கள் புலிப்பூனை, புலிக்குட்டி என்கிறார்கள். வீட்டுப் பூனையை விட நன்றாகப் பெரியது. சாம்பல் உடலில் கறுப்புப் புள்ளிகள், வால் குட்டை. வயல், வாய்க்கால், களப்பு ஓரங்களில் வாழும். மீன், நண்டு, எலிதான் அதன் பிரதான சாப்பாடு. லேசாகக் கிடைத்தால் கோழியையும் விடாது. முழுக் கோழியைத் தூக்கிக்கொண்டு போகும், இறகு வழிநெடுகக் கிடக்கும்.

ஆளைக் கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? பொறி வைப்பதை விட வழியை அடைப்பது மலிவு. ஒரு கீரியைப் பிடித்துக் கொன்றாலும், தூரக் கொண்டுபோய் விட்டாலும், அந்த இடம் காலியாக இருக்காது. அடுத்த கீரி வரும். ஓட்டை அப்படியே இருக்கிற வரைக்கும் விருந்தாளியும் வந்துகொண்டுதான் இருப்பார்.

1. அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழி வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும். வெளியே இருந்து வருகிறதைத் தடுக்காது. நாய் அதைக் கடித்துக் கிழிக்கும். ஒட்டு வைத்த அரை அங்குலக் கம்பி வலை வாங்குங்கள். காசு போதாவிட்டால் கீழ் இரண்டு அடிக்கு மட்டுமாவது அடியுங்கள்.

2. தோண்டி வருகிறவற்றுக்கு, வலையை ஒரு அடி ஆழத்தில் புதைத்து வெளிப்பக்கமாக மடக்கி விடுங்கள். தோண்டும் மிருகம் சுவரடியில்தான் தோண்டும். வலை காலில் தட்டுப்பட்டதும் விட்டுவிடும்.

3. கூட்டை மூன்றடி உயரத்தில் தூக்கிக் கட்டினால், நான்கு காலிலும் வழுக்கும் தகரத்தைச் சுற்றி ஆணி அடியுங்கள். ஏறி வருகிறது வழுக்கி விழும்.

4. கூரையைத் தொடுகிற கிளையை வெட்டுங்கள்.

5. கதவுக்குக் கயிறு கட்டாதீர்கள். கொண்டி போட்டு அதில் ஒரு ஆணியையும் குத்துங்கள்.

6. மஃரிபுக்கு பாங்கு சொல்ல முன்னர் கோழிகளை உள்ளே விட்டு எண்ணிப் பாருங்கள். சிந்திய தீனியைக் கூட்டுங்கள். தீனிக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் மற்றவை வரும்.

ராத்தாவின் கூட்டுக்குக் கீழ்ப் பலகையை மாற்றி, வலையைப் புதைத்து, கொண்டி போட்டோம். என் கிளாஸ் பிள்ளைகள் நான்கு பேர் ஒரு சனிக்கிழமை காலையில் முடித்துத் தந்தார்கள். அதற்குப் பிறகு அல்ஹம்துலில்லாஹ், ஒரு கோழியும் போகவில்லை.

எலிக்கும் அகழானுக்கும் கூட்டுப்பொறி வைக்கிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது: பொறியை நிழலில் வையுங்கள், மேலே சாக்குப் போடுங்கள், காலையில் முதல் வேலையாகப் போய்ப் பாருங்கள். எங்கள் வெயிலில் மத்தியானம் வரைக்கும் தகரக் கூட்டுக்குள் கிடப்பது உயிரோடு பொரிக்கிறதுக்குச் சமம். வேறு பிராணி மாட்டியிருந்தால் கையை வைக்காமல் தடியால் கதவைத் தூக்கி விட்டுவிடுங்கள். கீரிக்கும் விசர்நோய் வரலாம். கடித்தால், பிறாண்டினால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாட்டு வைத்தியத்தோடு நின்றுவிடாதீர்கள்.

இனிச் சுருக்கு. வயலுக்கு வருகிற காட்டுப் பன்றிக்குத்தான் பெரும்பாலும் வைக்கிறார்கள். ஆனால் கம்பிக்குக் கண் இல்லை. 2020 மே மாதக் கடைசியில் நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கருஞ்சிறுத்தையொன்று சுருக்கில் மாட்டியது பலருக்கு நினைவிருக்கும். கழுத்தில் கம்பி இறுகியிருந்தது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் செய்தும் சில நாட்களில் செத்துப்போனது. அது சிறுத்தைக்கு வைத்த சுருக்கல்ல. மலைநாட்டில் சிறுத்தைகள் பல இப்படித்தான் சாகின்றன. சுருக்கில் மாட்டிய மிருகம் இழுக்க இழுக்கக் கம்பி உள்ளே வெட்டும். அறுத்து விட்டாலும் உள்காயத்தால் பிறகு சாகலாம். யானைக்குட்டியின் வாயைச் சிதைக்கிற வாய்வெடியும், மனிதனின் காலையே எடுக்கிற கட்டுத்துவக்கும் இதே வகைதான். வைக்கிறவன் வீட்டில் நித்திரை கொள்வான். யார் மாட்டுவார் என்பது அவனுக்கே தெரியாது.

சட்டமும் இருக்கிறது. விலங்கினங்கள், தாவரங்களைப் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் 1937 இலிருந்தே நம் நாட்டில் உண்டு. சிறுத்தையும் மீன்பிடிப் பூனையும் அதன் பாதுகாப்பில் உள்ளவை. "நான் பன்றிக்குத்தான் வைத்தேன்" என்பது கோர்ட்டில் உதவாது.

மார்க்கத்தையும் சொல்ல வேண்டும். சுருக்கில் முயலும் மானும் பிடித்து இறைச்சி பங்கு போடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கழுத்து நெரிந்து செத்த பிராணி ஹராம் என்பது சூரா அல்-மாயிதாவின் 3 ஆவது வசனத்தில் நேரடியாக வருகிறது. விடிய முன்னர் செத்துக் கிடந்ததைப் பிறகு கத்தி வைத்து அறுத்தால் ஹலாலாகாது. பூனையைக் கட்டிவைத்து, சாப்பாடும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் ஹதீஸைச் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்கிறோம். கம்பியில் இரண்டு நாள் தொங்குகிற பிராணிக்கு அந்த ஹதீஸ் பொருந்தாதா?

வயல்காரர்களுக்கு இன்னொரு கணக்கு. மீன்பிடிப் பூனையும் கீரியும் நரியும் பாம்பும் எலி தின்கிறவை. எலி பெருகினால் நெல் மட்டும் போகாது, எலிக்காய்ச்சலும் வரும். வயலில் இறங்க முன்னர் சுகாதாரப் பரிசோதகர் தருகிற மாத்திரையை ஏன் குடிக்கிறோம்? வாய்க்காலில் சும்மா எலி பிடித்துத் தருகிற காவல்காரனைக் கொன்றுவிட்டு, பிறகு எலிக்கு மருந்து வாங்கக் கடைக்குப் போகிறோம்.

சுருக்கில் மாட்டிய மிருகத்தைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள், கம்பியை இழுக்காதீர்கள். நாய்களையும் போன் தூக்கி வீடியோ எடுக்கிற கூட்டத்தையும் தூரத்தில் நிறுத்துங்கள். சத்தம் கூடக் கூட அது துள்ளும், கம்பி இறுகும். உடனே வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு எடுங்கள். இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள், ஆட்கள் வரும் வரைக்கும் ஒருவர் தூரத்தில் காவல் இருங்கள்.

கோழி போகிற வீட்டுக்காரர்கள் சாம்பல் தூவி, காலையில் தடத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுங்கள், அளவு தெரியும். என் பிள்ளைகளுக்கு அது நல்ல பாடம். கூடு திருத்த ஆட்களும் அவர்களிடம் இருக்கிறார்கள். குழுமத்தில் கேட்ட சகோதரரே, முதல் படம் உங்களுடையதாக இருக்கட்டும். ஏற்கனவே வேலியில் கம்பி கட்டியிருக்கிறவர்கள், இதை வாசித்து முடித்ததும் டோர்ச் எடுத்துக்கொண்டு போய் அதைக் கழற்றிவிட்டு வந்து படுங்கள்.

வஸ்ஸலாம்.