குன்னூர்ப் பட்டறையில் ஒரு ஜீப்

தேயிலைத் தோட்டமொன்றில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர், பழைய ஜீப் ஒன்றை வாங்கி, அதில் இல்லாதவற்றை வேறு வேறு வண்டிகளிலிருந்து சேகரித்து, தம் வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டி முடித்து, குன்னூரில் உள்ள ஒரு மெக்கானிக்கின் பட்டறைக்குக் கொண்டுசென்றபோது நானும் உடன் போயிருந்தேன். வண்டி ஓடிற்று; நிறுத்தினால் மட்டும் ‘ஸ்லோ’ நிற்கவில்லை; இஞ்சின் ஏறியும் இறங்கியும் தவித்து அணைந்துவிடும். புகைப் பரீட்சையிலும் அது தேறவில்லை.

ஜீப்பைக் கையால் பூட்டுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1945-இல் தோன்றிய மஹிந்திரா நிறுவனம், 1947-இல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளை உதிரிப் பாகங்களாகத் தருவித்துப் பம்பாயில் பூட்டித்தான் மோட்டார்த் தொழிலில் இறங்கிற்று. ஆயினும் அங்கே சேர்ந்தவை ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்த பாகங்கள்; கொட்டகையில் சேர்பவையோ ஒன்றையொன்று அறியாதவை. ஆகவே தோஷம் பெரும்பாலும் இரண்டு பாகங்கள் கூடும் இடத்திலேயே இருக்கிறது.

மலைக்கு உரிய தோஷம் வேறொன்றும் உண்டு. மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டரில் புறப்படும் மலைரயில் உதகையில் 2,203 மீட்டரை எட்டுகிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் காற்றின் எடையை அறியாது, அது பாயும் வேகத்தையே அறியும். ஆதலால் காற்று மெலிந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காமல், தேவைக்கு மிஞ்சி ஊற்றிவிடுகிறது. பிளக்கில் கரி படிவதும், கரும்புகை எழுவதும், கார்பன் மோனாக்சைடு கூடுவதும் இதன் விளைவுகளே.

“கார்புரேட்டர் திருகைக் கொஞ்சம் உள்ளே விட்டால் போதாதா, மேஸ்திரி?” என்று நண்பர் கேட்டார்.

“திருகெல்லாம் கடைசியிலதாங்க சார். எங்க ஏர் இழுக்குதுன்னு மொதல்ல பாத்துரலாம்” என்று நிதானமாகப் பதில் வந்தது.

அந்த வரிசைக் கிரமத்தில்தான் தொழிலின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். முதலில், இஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தை அளக்கும் வேக்குவம் கேஜை மாட்டினார். முள் எட்டுக்கும் பதினொன்றுக்கும் இடையே ஊசலாடிற்று. கடல்மட்டத்தில் ஆரோக்கியமான இஞ்சின் 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை காட்டவேண்டும். ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். எனவே ஆறாயிரம் அடியில் உள்ள குன்னூரில் 13 அல்லது 14 காட்டினாலே திருப்தி கொள்ளலாம். சமவெளியிலிருந்து வரும் மெக்கானிக் இக்கணக்கை அறியாவிட்டால், நல்ல இஞ்சினையும் பிரித்துப்போட்டுவிடுவார்.

வேறொரு வண்டியின் கார்புரேட்டரைப் பொருத்துவதற்காக நண்பர் நடுவே ஓர் அலுமினியத் தகட்டை அறுத்து வைத்திருந்தார். அதன் விளிம்பில் மேஸ்திரி எண்ணெய்க் குடுவையால் சில துளிகள் விட்டதும், அதுவரை தவித்துக்கொண்டிருந்த இஞ்சின் ஒரு கணம் சீராகிப் பிறகு மீண்டும் தவிக்கத் தொடங்கிற்று. தகடு வளைந்து, வேண்டாத காற்று அதன் வழியே நுழைகிறது என்பது பிரத்தியட்சமாயிற்று. அதை ஈடுகட்டவே நண்பர் கலவைத் திருகை அளவுக்கு மேல் திறந்துவைத்திருந்தார். சோக் கம்பியும் நீளம் போதாமல், சோக் முழுதும் திறவாமலே இருந்தது. ஒரு தோஷத்தை மறைக்க இன்னொன்றை வரவழைத்தால், இரண்டும் சேர்ந்து மூன்றாவதைக் காட்டுகின்றன. கேட்பவன் அந்த மூன்றாவதையே நோயென்று நம்பிவிடுகிறான்.

தகட்டைத் தேய்த்துச் சமமாக்கிப் புதுக் கேஸ்கட் வைத்தார், கம்பியை மாற்றினார், பாயின்ட் இடைவெளியைப் பார்த்தார், பெட்ரோல் பாயும் துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு சிறியதாக மாற்றினார், இஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்பே கலவைத் திருகில் கைவைத்து, முள்ளைப் பார்த்தபடி கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்பி, காது கொடுத்துக் கேட்டார். முள் பதினான்கில் அசையாமல் நின்றது.

புகைப் பரீட்சை நிலையத்தில் இயந்திரம் காட்டும் இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு செய்திகளைச் சொல்பவை. கார்பன் மோனாக்சைடு மிகுந்தால் பெட்ரோல் மிகுதி. ஹைட்ரோகார்பன் மிகுந்தால் பெரும்பாலும் எங்கோ ‘மிஸ்ஸிங்’, அதாவது எரியாத பெட்ரோல் அப்படியே வெளியேறுகிறது. பாரத் ஸ்டேஜ் இரண்டுக்கு முந்திய நான்கு சக்கர பெட்ரோல் வண்டிக்கு விதி அனுமதிக்கும் வரம்பு முறையே 3 சதவீதமும் 1,500 பிபிஎம்மும். முன்பு ஐந்துக்கு மேல் காட்டிய கார்பன் மோனாக்சைடு இப்போது இரண்டரைக்குக் கீழே இறங்கிற்று. மற்ற எண்ணும் வரம்புக்குள் வந்தது.

பரீட்சை நாளன்று மட்டும் திருகை இறுக்கிச் சான்றிதழ் பெற்று, மறுநாளே தளர்த்திவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பள்ளத்தாக்கில் மூடுபனியோடு தேங்கி நிற்கும் அந்தப் புகையைத் தேயிலை பறிக்கும் பெண்கள்தாம் சுவாசிக்கிறார்கள். ஆகையால் இதை அற்பக் குற்றமென்று நான் கருதவில்லை. மலையில் ஓடும் கார்புரேட்டர் வண்டியை மலையிலேயே, சூடான இஞ்சினில் டியூன் செய்யுங்கள். சமவெளிக்கு இறங்கி நெடுந்தூரம் ஓட்டுவதானால் பழைய ஜெட்டை மறவாமல் மாட்டிக்கொள்ளுங்கள், ஏனெனில் மலைக்கென்று மெலியவைத்த கலவை அங்கே வால்வைக் கருக்கிவிடும்.