க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால்...

சித்திரை வெயிலில் கார் ஏ.ஸி.யின் காற்று நின்றுபோனால், வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி எப்படி வேகிறது என்பது உள்ளிருந்தபடியே புரிந்துவிடும்! எழுபத்தைந்து வயது அம்மாவை மாதாமாதம் சென்னை இதய டாக்டரிடம், சுமார் 75 கிலோமீட்டர், அழைத்துப் போகிறவனுக்கு இந்த ஞானம் தேவையா?

கம்பெனி சர்வீஸில், "ப்ளோயர் மோட்டார் போச்சு சார். டாஷ்போர்டையே இறக்கணும்" என்றார்கள். சொன்ன தொகைக்கு ஒரு முகூர்த்தப் புடவை எடுக்கலாம். (பட்டு விலை தெரியாதவர்கள் காஞ்சிபுரத்துக்கு ஒரு நடை வாருங்கள்!)

பிள்ளையார்பாளையத்து மெக்கானிக் சிரித்தார். "டாஷ்போர்டு எதுக்குண்ணே?"

இடது பக்க க்ளவ் பாக்ஸை மட்டும் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்தார். கை உள்ளே போயிற்று. கண் எங்கேயோ பார்த்தது. மூன்று ஸ்குரூ. மோட்டார் கையோடு வந்தது. கூடவே ஒரு பிடி வேப்பஞ்சருகு! முன் கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் சந்து வழியாக, எங்கள் தெரு மரத்தின் உபயம். மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷும் தேய்ந்து முடிந்திருந்தது. புது மோட்டார் வாங்கி வந்தோம்.

"பார்க்காமலே எப்படித் தம்பி மாட்டறீங்க?"

"சின்ன வயசுல தறியில இருந்தேண்ணே. பழைய பாவோட புதுப் பாவை இழை இழையாப் பிணைக்கணும். ஆயிரக்கணக்குல இழை. விரலுக்குக் கண்ணு வந்துடும்."

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

"புடவை முடிஞ்சாத்தாண்ணே கூலி. இங்கே அன்னன்னிக்கே காசு."

முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். பின் சீட்டில் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"காத்தைக் கொஞ்சம் குறைடா... குளிருது!"