ஆடியில் காலியான வீடு

ஜூலை 22, 2024

இரண்டாம் மாடி வலது வீடு இன்று காலியானது. ஆடி பிறந்து ஆறாவது நாள். இனி ஆவணி பிறக்கும்வரை பால் காய்ச்ச யாரும் வரமாட்டார்கள். டு-லெட் பலகை கேட்டில் சும்மா தொங்கும். மார்கழியிலும் இதே கதை.

மடிப்பாக்கத்தில் இந்த ஆறு வீட்டை 2006இல் கட்டியபோது, ஆறு வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி நோட்டில் எழுதி வைத்தேன். பதினொன்றால் பெருக்க வேண்டும் என்று தெரிய நாலைந்து வருடம் ஆயிற்று. இப்போது வீட்டுக்கு 14,000. ஆறுக்கும் மாதம் 84,000. பென்ஷனுக்கு மேல் நான் நம்பியிருப்பது இந்தப் பணத்தைத்தான்.

ஜூலை 28

மேடவாக்கம் பக்கம் எட்டு வீடு விலைக்கு வருகிறதாம். 2.40 கோடி. எட்டுக்கும் சேர்த்து வாடகை 92,000. புரோக்கர் வந்து ஒரு மணி நேரம் பேசினார். "மகன் பேர்ல ஒரு கோடி லோன் போடுங்க மேடம். இ.எம்.ஐ.யை வாடகையே கட்டிடும்."

ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். 9 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் ஒரு கோடிக்கு மாதத் தவணை ஏறக்குறைய 90,000. அவர் சொன்னது சரிதான், 2,000 மிஞ்சுகிறது. ஆனால் அந்த இரண்டாயிரத்தில்தான் சொத்துவரி, மாடிப்படி விளக்கு, மோட்டார் ரிப்பேர், படி பெருக்கும் அம்மாவின் சம்பளம் எல்லாம் அடங்க வேண்டும். ஒரு வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 11,500 கைக்காசு.

மீதி 1.40 கோடி, ஊர் நிலம் விற்ற பணம். வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் மாதம் 81,000க்கு மேல் வட்டியே வரும். அந்த வட்டி அப்படியே நிற்கும், வாடகையோ வருடா வருடம் ஏறும், அதை மறுக்கவில்லை. வரியிலும் வாடகைக்குச் சலுகை உண்டு. சொத்துவரி போக மிச்சத்தில் 30 சதவீதத்தைக் கேள்வியில்லாமல் கழித்துக்கொள்ளலாம். வைப்புநிதி வட்டிக்கு அது கிடையாது. மகனும் இதைத்தான் சொல்கிறான். நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 4

பார்த்துவிட்டு வந்தேன். டைல்ஸ், பெயிண்ட், கார் நிறுத்த இடம் எல்லாம் புதுசு. சம்ப் மூடியைத் திறக்கச் சொன்னேன். பாதிக்கும் கீழே. கீழ்வீட்டுப் பெண்ணிடம் லாரி எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்டேன். "மழைக்காலம் போக மத்த நாளெல்லாம் மூணு நாளைக்கு ஒண்ணு, ஆண்டி."

எட்டுக் குடும்பம், 32 பேர். ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தாலும் 12,000 லிட்டர் லாரி மூன்று நாளைக்கு மேல் தாங்காது. போர்வெல்லில் உப்பு.

2019 ஜூன் எனக்கு மறக்காது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். எங்கள் போர் காற்றைத் துப்பியது. லாரிக்குப் பதிவு செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தோம். கைக்குழந்தை வைத்திருந்த ஒரு குடும்பமும், வயதான ஒரு தம்பதியும் ஒரே வாரத்தில் காலி செய்தார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் அன்றைய சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் வாங்கியிருந்தேன்; அந்தப் பணத்தைப் போரை ஆழப்படுத்தச் செலவழித்துவிட்டேன். இரண்டு வளையலை அடகு வைத்துத்தான் திருப்பிக் கொடுத்தேன். அட்வான்ஸ் குடியிருப்பவருடைய பணம், நான் வாங்கிய கடன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதே வருடம் பிப்ரவரியில் புது வாடகைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது. இப்போது குடியிருப்பவர்களின் மூன்று மாத அட்வான்ஸ் தனிக் கணக்கில் கிடக்கிறது. அதைத் தொடுவதில்லை.

ஆகஸ்ட் 19

ஆவணி மூன்று. காலி வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார்கள். கணவன் மனைவி, பள்ளிக்கூடம் போகும் பையன். 16,000 கேட்கலாம் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். மெட்ரோ வேலைக்குத் தெருவெல்லாம் தோண்டிக் கிடக்கிறபோது எப்படிக் கேட்பது? 14,500க்கு விட்டேன். 1,500 கூட வாங்கினால் வருடத்துக்கு 18,000. வாடகை தாங்காமல் அவர்கள் அடுத்த ஆனியில் போய்விட்டால் ஒரு மாதம் காலி, பெயிண்ட், புரோக்கர் கமிஷன் என்று அதைவிட அதிகம் போகும். கீழ்வீட்டுக்காரர் ஒன்பது வருடமாக இருக்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் அவர் வீட்டுக்குள் முழங்கால் அளவு வந்தது. அந்த மாத வாடகை வேண்டாம் என்றேன். தண்ணீர் வடிந்ததும் என் மோட்டாரைக் கழற்றி மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனது அவர்தான்.

மேடவாக்கம் வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். தண்ணீர் இல்லாத எட்டு வீட்டை அவன் தலையில் இருபது வருடக் கடனாக ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. முதலில் இருக்கிற ஆறு வீட்டைச் சரிசெய்ய வேண்டும்.

செப்டம்பர் 15

மழைநீர்க் குழிகளைத் தோண்டிப் பார்த்ததில் சேறுதான் வந்தது. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நானும் கட்டும்போதே அமைத்தேன். பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. அது என் தவறு.

மொட்டைமாடி 1,200 சதுர அடி. சென்னையில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. பெருக்கினால் ஒன்றரை லட்சம் லிட்டர். பன்னிரண்டு லாரித் தண்ணீர். இத்தனையும் தெருவுக்குப் போயிருக்கிறது. குழாயையெல்லாம் பின்புற உறைகிணற்றுக்குத் திருப்பி, நடுவில் ஜல்லியும் மணலும் போட்டு வடிகட்டித் தொட்டி கட்டச் சொன்னேன். செலவு இரண்டு மாத வாடகை.

டிசம்பர் 2

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து இரண்டு நாள் ஆகிறது. இந்த முறை வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. காலையில் கீழ்வீட்டுக்காரர் டார்ச் அடிக்க, கிணற்றில் கல் கட்டிய கயிறு விட்டோம். மே மாதம் பன்னிரண்டு உறையில் இரண்டுதான் நனைந்திருந்தது. இன்றைக்கு எண்ணினால் ஒன்பது. புதுக் குடித்தனத்துப் பையன் தானும் எண்ண வேண்டும் என்று அடம்பிடித்தான், இன்னொரு தடவை விட்டோம். மோட்டார் அறைச் சுவரில் தேதி போட்டு, 9 என்று கரியால் எழுதியிருக்கிறேன்.