கான்பெராவில் ஒரு நாற்காலி

ஆஸ்திரேலியாவில் வணிகவியல் முடிக்கிறவர்களை ஆடிட் நிறுவனங்கள் மட்டுமல்ல, அரசும் கூப்பிடுகிறது. அதற்குப் பெயர் பட்டதாரித் திட்டம். விண்ணப்பம், தேர்வு, நேர்காணல். தேர்வானால் பெரும்பாலானோர் கான்பெராவுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். முதல் நாளிலிருந்தே சம்பளம். ஏறக்குறைய ஓராண்டு, சில மாதத்துக்கு ஒரு பிரிவு என்று மாறி மாறி வேலை. ஒழுங்காக முடித்தால் நிரந்தரப் பணி.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதவு எப்போதும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை.

1966 நவம்பர் வரை அங்கே ஒரு விதி இருந்தது. கல்யாணமானால் பெண் நிரந்தர அரசு வேலையை விட்டுவிட வேண்டும். எவ்வளவு படித்திருந்தாலும் சரி. ஆணுக்கு அந்த விதி கிடையாது. வேலை போய்விடுமே என்று கல்யாணத்தையே மறைத்தவர்களும் உண்டு. மெர்ல் தோர்ன்டன் அப்படி மறைத்தவர்தான். 1965இல் சங்கம் தொடங்கி அந்த விதியை எதிர்த்துப் போராடினார். அடுத்த ஆண்டே விதி போனது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. ஹெலன் வில்லியம்ஸ் ஒரு துறையின் முதல் பெண் செயலரானது 1985இல். நடுவில் 19 ஆண்டுகள்!

இன்று அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே நுழையும் பெண்ணிடம் யாரும் கல்யாணமாகிவிட்டதா என்று கேட்பதில்லை. அவர் உட்காரும் நாற்காலி, ஒரு காலத்தில் யாரோ எழுந்து போக வேண்டியிருந்த நாற்காலி. அது தெரிந்து உட்கார்ந்தால், வேலையும் வேறு மாதிரி இருக்கும்தானே?