களவு போகாத வீடு

திருடன் புகுந்த வீட்டில் பணம் போகிறது, நகை போகிறது. திருடன் புகாத வீட்டில் என்ன போகிறது? தூக்கம் போகிறது, பசி போகிறது, மனிதர் மீதிருந்த நம்பிக்கை போகிறது. முதல் வகை இழப்பைக் காவல் நிலையத்தில் எழுதிக்கொள்கிறார்கள். இரண்டாம் வகை இழப்பை எழுதிக்கொள்ள எங்கும் ஏடு இல்லை. அதைப் பற்றியே இங்கு சில சொல்ல விரும்புகிறேன்.

இரண்டாண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில், பட்டப்பகலில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் ஒரு பெண்மணியின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். சங்கிலியை இழந்தவர் பத்து நாள் அழுதார். பிறகு கவரிங் சங்கிலி ஒன்றை மாட்டிக்கொண்டு வழக்கம்போல் வயலுக்குப் போகத் தொடங்கினார். ஆனால் மூன்று தெரு தள்ளி இருக்கும் எங்கள் அப்பாயிக்கு அந்தப் பத்து நாள் முடியவே இல்லை. திண்ணையில் படுப்பதை நிறுத்தினார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். கழிப்பறை கொல்லையில் இருக்கிறது. இரவில் கதவைத் திறக்க நேருமே என்று பொழுது சாய்ந்தபின் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தினார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தம் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். “ராத்திரி தூங்குறீங்களாம்மா?” என்று மருத்துவர் கேட்டார். “நான் தூங்கிட்டா கதவ யாரு பாத்துக்கறது?” என்று அப்பாயி திருப்பிக் கேட்டார். அவர் காதில் கிடப்பதோ அரைப் பவுன் தோடு!

இதை முதியவரின் அறியாமை என்று சிரித்து ஒதுக்குவதற்கில்லை. ஆபத்தைக் கண்டதும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. குருதி செரிமான உறுப்புகளை விட்டுத் தசைகளுக்குப் பாய்கிறது. எதிர்த்து நிற்கவோ ஓடிப்போகவோ உடல் ஆயத்தமாகிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-ஆம் ஆண்டு நூலில் விளக்கிய இந்த உண்மையை விலங்கியல் மாணவர்கள் அறிவோம். புலிக்குத் தப்பிய மான் சிறிது நேரத்தில் மேயத் தொடங்கிவிடும். மனிதனோ வராத புலிக்காக இரவெல்லாம் விழித்திருக்கிறான். உயிர் காக்க அமைந்த ஏற்பாடு, ஓய்வின்றித் தொடரும்போது தூக்கத்தையும் மனத்தையும் அரிக்கிறது.

இலண்டன் அரசு ஊழியர்களின் நலத்தை 1985-ஆம் ஆண்டில் ஆராயத் தொடங்கிய ‘ஒயிட்ஹால்’ ஆய்வைச் சேர்ந்த அறிஞர்கள், 2007-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். குற்றங்களுக்கு மிகுதியாக அஞ்சுவோரிடம், குறைவாக அஞ்சுவோரைக் காட்டிலும் மனச்சோர்வு ஏறக்குறைய இரு மடங்கு காணப்பட்டது. அஞ்சியவர்கள் உடற்பயிற்சியைக் குறைத்தார்கள். நண்பர்களைக் காண்பதைக் குறைத்தார்கள். நலம் கெட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறது ஆய்வு. மனம் சோர்ந்தவர் மேலும் அஞ்சுவதும் உண்டு. ஆக, அச்சமும் சோர்வும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. இலண்டன் அதிகாரிக்கும் எங்கள் அப்பாயிக்கும் இதில் வேற்றுமை இல்லை.

ஒரு வீட்டைப் பிடித்த அச்சம் ஊரையே பிடித்தால் என்ன ஆகும்? 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வத்தை வழிபடச் சென்னையிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதைக் கண்டு ஐயுற்ற கூட்டம் அவரை அடித்தே கொன்றது. குற்றத்துக்கு அஞ்சியவர்களே குற்றவாளிகள் ஆனார்கள்.

இந்த அச்சத்துக்குக் கப்பம் கட்டுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அடுத்து ஏற வேண்டியவள் என் தங்கை. சங்கிலி பறிபோன மறுவாரமே அவளுடைய மாலைநேரத் தட்டச்சு வகுப்பு நின்றது. “காலம் கெட்டுக் கிடக்குது” என்றார் அப்பா. காலம் எனக்கும்தான் கெட்டிருந்தது. ஆனால் என் வகுப்பு எதுவும் நிற்கவில்லை.

“பயப்படாதே” என்று சொல்வது மருந்தாகாது. சங்கிலியை அறுத்தது கற்பனையன்று. அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த அச்சத்தோடு ஒருவரைத் தனியே விட்டுவிடுவதுதான் தவறு. எங்கள் தெருவில் மாதக்கணக்கில் எரியாத விளக்கு, பலரும் கையொப்பமிட்ட மனுவுக்குப் பிறகு எரிந்தது. பக்கத்து வீட்டு அத்தைமார் இருவர் வெள்ளிக்கிழமைதோறும் அப்பாயியை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார்கள். இரத்த அழுத்த மாத்திரை நிற்கவில்லை; ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அப்பாயி இப்போது ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கிறார்.

மாணவ நண்பர்களே, கைப்பேசிக்கு வரும் திகில் செய்தியை உண்மையா என்று பாராமல் அடுத்தவருக்கு அனுப்பாதிருப்போம். அஞ்சுபவரைக் கேலி செய்யாமல் அவரோடு நாலு அடி நடப்போம். தெருவுக்கு விளக்கும் மாலையில் பேருந்தும் கேட்போம். என் தங்கையின் தட்டச்சு வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. அவள் தன் வகுப்புக்குப் புறப்படும் நாளில்தான், களவு போகாத எங்கள் வீட்டில் போனதெல்லாம் திரும்பிவிட்டது என்பேன்.