கட்டுரை நோட்டு

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள். அட்டாலியில் கிடந்த சாமான்களை இறக்கும்போது என் பழைய தகரப்பெட்டியும் இறங்கியது. உள்ளே அப்பாவின் நிலவரி ரசீதுகள், என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், அடியில் செல்லரித்த ஒரு கட்டுரை நோட்டு. அட்டையில் என் பெயர், எட்டாம் வகுப்பு, 1967. முக்கால்வாசிப் பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. மூன்று கட்டுரைகள்தான் மிச்சம்.

எங்கள் ஊர் திருப்பூருக்குக் கிழக்கே நொய்யல் கரையில் ஒரு சின்ன ஊர். ஊரில் ஐந்தாவது வரைதான். அதற்கு மேல் படிக்க மூன்று மைல் நடந்து திருப்பூர் போக வேண்டும். காலையில் தூக்குப்போசியில் பழைய சோறும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு கிளம்பினால், வீடு திரும்ப விளக்கு வைக்கும் நேரமாகிவிடும்.

முதல் கட்டுரை 'என் குடும்பம்'. அப்படியே தருகிறேன்.

"எங்கள் குடும்பத்தில் ஐந்து பேர். என் தந்தையார் விவசாயம் செய்கிறார். என் தாயார் அவருக்கு உதவி செய்கிறார். என் பாட்டியார் கதை சொல்வார். எனக்கு ஓர் அக்காள் உண்டு. அவள் வீட்டு வேலை செய்கிறாள். எங்கள் குடும்பம் நல்ல குடும்பம்."

பத்துக்கு ஆறு மதிப்பெண். ஓரத்தில் தமிழ் ஐயா சிவப்பு மையில் ஒரு கேள்வி எழுதியிருக்கிறார்: "அக்காள் எந்த வகுப்பு?"

அதற்கு நான் பதில் எழுதவில்லை. அக்கா ஐந்தாவதோடு நின்றவள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். என்னைவிட நன்றாகப் படித்தவள். வயசுப் பிள்ளையை மூன்று மைல் தனியாக அனுப்ப முடியாது என்று அப்பத்தா சொன்னாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். அதனால் யாருக்கும் அது அநியாயமாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

இரண்டாவது கட்டுரை 'எனக்குப் பிடித்த விளையாட்டு'. படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். "எனக்குப் பிடித்த விளையாட்டு கிரிக்கெட். பட்டோடி நன்றாக ஆடுவார்" என்று ஆரம்பித்திருக்கிறேன். நான் அதுவரை கிரிக்கெட் மட்டையைக் கண்ணால் பார்த்தது கிடையாது. வகுப்பில் டவுன் பையன் ஒருவன் ரேடியோவில் கேட்டதை வந்து சொல்வான். அவனைப் பார்த்து எழுதியது. ஐயா விடுவாரா? "பந்தைப் பார்த்திருக்கிறாயா? உனக்குத் தெரிந்த விளையாட்டை எழுது" என்று எழுதி ஐந்து மதிப்பெண் போட்டிருக்கிறார்.

எனக்குத் தெரிந்த விளையாட்டு சடுகுடு. கைகால் பலத்தைவிட அதில் மூச்சுதான் முக்கியம் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். எதிர்க்கட்டத்துக்குள் பாடிப் போய், ஆளைத் தொட்டு, பாட்டு விடாமல் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். நடுவில் மூச்சு விட்டால் ஆட்டம் போச்சு. எனக்கு மூச்சுக் கட்டச் சொல்லிக்கொடுத்தது அக்கா. துணி துவைக்க ஆற்றுக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போவாள். இரண்டு பேரும் மடுவில் தலையை முக்குவோம். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ண வேண்டும். நான் நாற்பதில் துடித்துக்கொண்டு எழுந்திருப்பேன். அவள் இன்னும் உள்ளேயே இருப்பாள். பயந்துபோய் நான் தலைமுடியைப் பிடித்து இழுத்த பிறகுதான் எழுந்திருப்பாள், சிரித்துக்கொண்டே.

அடுத்த வருடம் பள்ளிக்கூட அணியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஊர்ப் பந்தயங்களில் ஆடினேன். அக்கா ஒரு பந்தயம்கூடப் பார்த்ததில்லை. வயசுக்கு வந்த பெண் ஆம்பிளைப் பசங்க ஆட்டம் பார்க்கப் போகக்கூடாது என்று வீட்டில் கட்டுப்பாடு.

மூன்றாவது கட்டுரை 'எங்கள் ஊர் ஆறு'. இதற்குப் பத்துக்கு ஒன்பது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வருவதையும், ஆடியில் மேற்கே மழை பிடித்தால் இங்கே ஒரு சொட்டு விழாமலே செந்தண்ணீர் வருவதையும், பங்குனியில் மடுவில் மட்டும் தண்ணீர் நின்று கெண்டை மீன் துள்ளுவதையும், கடைசியில் ஆறு காவிரியில் போய்ச் சேருவதையும் எழுதியிருக்கிறேன். "ஆறு எங்களிடம் எதுவும் கேட்பதில்லை. அதனால் நாங்கள் அதற்கு எதுவும் கொடுப்பதில்லை" என்று ஒரு வரி. ஐயா அதற்கு அடிக்கோடு போட்டிருக்கிறார்.

அந்த வரி என்னுடையது அல்ல. கட்டுரையே என்னுடையது அல்ல. மறுநாள் நோட்டு வைக்க வேண்டும், எனக்கோ ஒன்றும் ஓடவில்லை. மண்ணெண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில் அக்கா ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். "எழுதறதுக்கு என்னடா இருக்குது, ஆத்தைத்தான் தினம் பாக்கறமே" என்று சொல்ல ஆரம்பித்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

ஐயா அதை வகுப்பில் என்னை எழுப்பிப் படிக்கச் சொன்னார். முடித்ததும், "நீயே எழுதினாயா?" என்று கேட்டார்.

"ஆமாங்க ஐயா" என்றேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் ஒன்பது மார்க்கு என்று சொன்னேனா என்பதுகூட இப்போது ஞாபகமில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு நான் படித்து, தபால் துறையில் சேர்ந்து, ஊர் ஊராய்ப் போய், ஓய்வும் பெற்றுவிட்டேன். அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஆற்றின் கீழ்ப்பக்கம் இன்னொரு ஊரில். ஆற்றின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். பனியன் ஏற்றுமதி பெருகப் பெருகச் சாயத்தண்ணீர் ஆற்றில் இறங்கியது. ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம். பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கியது. தண்ணீர் விடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்று ஆனது.

மாமாவின் தோட்டக் கிணறும் அந்தக் காலத்தில்தான் கெட்டது. மாடு வாய் வைக்காது. தென்னை ஒவ்வொன்றாய்ப் பட்டுப்போனது. ஆனால் அக்காவின் மகன் வேலைக்குப் போனதும் ஒரு சாயப்பட்டறைக்குத்தான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. கண் சரியாகத் தெரியவில்லை. திண்ணையில் உட்கார்ந்து மூன்றையும் படித்துக் காட்டினேன். முதல் கட்டுரைக்கு ஒன்றும் சொல்லவில்லை. கிரிக்கெட்டுக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆற்றுக் கட்டுரையை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

"நீ சொன்னதுதான் அக்கா. நான் எழுதினதாச் சொல்லிட்டேன்" என்றேன். ஐம்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதைச் சொல்ல.

"அதுக்கென்னடா இப்ப" என்றாள். கொஞ்ச நேரம் ஆற்றுப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "ஆத்தைக் கெடுத்த காசுலதான்டா என் பையன் இந்த வீட்டைக் கட்டுனான். பேத்தி காலேஜுக்குப் போறா. நான் யாரைத் திட்டறது, சொல்லு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நோட்டை மூடினேன்.

"ஆனா ஊத்துத் தோண்டறதை நீ எழுதாம உட்டுட்ட. நான் சொன்னேன்" என்றாள். எனக்கு அது சுத்தமாக நினைவில்லை. அவளையே மறுபடி சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டு வந்தேன். கட்டுரையில் விட்டுப்போனதை இங்கே சேர்த்துவிடுகிறேன்.

சித்திரையில் ஆற்றில் தண்ணீர் இருக்காது. மணலைக் கையால் தொட்டுப் பார்த்து, எங்கே குளிர்ச்சியாக இருக்கிறதோ அங்கே முழங்கை ஆழம் தோண்ட வேண்டும். முதலில் வருவது கலங்கல். அதைக் கொட்டாங்குச்சியால் இறைத்து வெளியே ஊற்ற வேண்டும். இரண்டாவதும் ஊற்றிவிட வேண்டும். மூன்றாவதாக ஊறுகிற தண்ணீர் அடி மணல் தெரிகிற மாதிரி தெளிவாக இருக்கும். அவசரப்பட்டு அள்ளினால் மறுபடி கலங்கிவிடும். ஊற ஊறத்தான் மொள்ள வேண்டும். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். நிறைந்ததும் குழியை மூடாமல் வர வேண்டும், பின்னால் வருகிறவர்களுக்கு ஆகும்.

இதைச் சொன்னது என் அக்கா.