பாட்டில் ஓர் இடம் காலி

செய்யாறு பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. வகுப்புக்குள் நுழைந்ததும் வழக்கப்படி, "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டுவைத்தேன். ஒன்று முதல் மூன்று வரை சேர்ந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மொத்தமும் எழுந்து நின்று, இழுத்து இழுத்து, "ஐ யாம் ஃபைன், தேங்க்யூ சார்" என்றார்கள். கன்னத்தில் கண்ணீர்த் தடம் காயாத ஒரு பையனும் அதே ராகத்தில் ஃபைன் என்றான்.

"இந்த ஃபைனைக் கலைக்கத்தான் சார் பாட்டு" என்றார் டீச்சர்.

சுவரைச் சுற்றி, பிள்ளைகள் உட்கார்ந்தபடியே எழுதும் உயரத்தில் கரும்பலகை ஓடுகிறது. செயல்வழிக் கற்றல் காலத்து ஏற்பாடு. தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு ஒரு மூலை பாடல் களம் ஆகியிருக்கிறது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மீட்க வந்த திட்டம் அது. தமிழ், கணக்கோடு ஆங்கிலமும் உண்டு. எட்டிய நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்திருக்கிறார்கள். பாட்டு நேரத்தில் மட்டும் எல்லாரும் ஒன்று.

மேசையில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் இருந்தது. டீச்சர் அதைத் தொடவில்லை. அதில் வரும் பாட்டு ஓட்டமாக ஓடுமாம், சின்னதுகளுக்குக் கைதட்டும் இடம் மட்டும்தான் பிடிபடுமாம். தன் குரலில், பாதி வேகத்தில் ஆரம்பித்தார். சந்தோஷமாக இருந்தால் கைதட்டச் சொல்லும், உலகம் முழுக்கப் பாடும் அந்தப் பழைய பாட்டுதான். முதல் சுற்றில் எல்லாரும் ஹாப்பி. அதில் ஒன்றுமில்லை, அதுவும் இன்னொரு ஃபைன்தான்.

இரண்டாவது சுற்றில், உணர்ச்சியைச் சொல்லும் சொல் வரவேண்டிய இடத்தில் டீச்சர் நிறுத்தினார். மெட்டு அப்படியே அந்தரத்தில் நின்றது. "ஆங்ரி!" என்று ஒரு குரல். உடனே எல்லாரும் காலால் தரையை உதைத்தார்கள், பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு. அடுத்து ஸ்லீப்பி, கொட்டாவி. அடுத்து ஹங்ரி, காலை உணவுத் திட்டத்தில் பொங்கல் சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகாத ஒருவன் வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னது. வகுப்பே சிரித்தது.

பாட்டோடு உடம்பும் ஆடுவது இவர்களுக்குப் புதிதல்ல. கைவீசம்மா ஆடி வந்தவர்கள்தானே. எனக்குப் பிடித்தது அந்தக் காலி இடம். ஆங்கிலத்தில் முழு வாக்கியம் சொல்ல ஏழு வயதுப் பிள்ளைக்கு நாக்கு எழாது. இங்கே வாக்கியத்தை மெட்டு சுமக்கிறது, பிள்ளை ஒரு சொல் போட்டால் போதும். அதுவும் தப்பாகிப்போனால் கூட்டத்தின் சத்தத்தில் அமுங்கிவிடும். பயமும் கூச்சமும் இருந்தால் மொழி உள்ளே இறங்காது என்று மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980களில் விரிவாக எழுதினார். இந்த மூலையில் கூச்சப்பட யாருக்கும் நேரமே இல்லை.

கண்ணீர்த் தடப் பையன் மூன்றாவது சுற்றில்தான் வாய் திறந்தான். "ஸாட்."

டீச்சர் பாட்டை நிறுத்தவில்லை. அந்தச் சுற்றை முழுசாகப் பாடி முடித்துவிட்டு, "எதுக்குக் கண்ணு?" என்று தமிழில் கேட்டார். இங்கே "இன் இங்கிலீஷ்!" என்று அதட்டும் வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த அதட்டலோடு பேச்சு செத்துவிடும்.

"அப்பா பெங்களூரு போயிட்டாரு டீச்சர். நேத்து ராத்திரி பஸ்ஸுக்கு."

"எப்ப வருவாரு?"

"பொங்கலுக்கு."

அதோடு விட்டுவிட்டார். நாலு பேர் நடுவில் ஒரு பிள்ளையின் வீட்டு விஷயத்தை அதற்கு மேல் தோண்டக் கூடாது, மிச்சத்தைச் சாப்பாட்டு நேரத்தில் தனியாகக் கேட்டுக்கொள்வேன் என்று பிறகு என்னிடம் சொன்னார். கட்டட வேலைக்கு அப்பாக்களை அனுப்பிவிட்டு வந்திருக்கும் பிள்ளைகள் அந்த வகுப்பில் இன்னும் சிலர் உண்டு. அவர்களில் ஒரு சிறுமி, யாரும் கேட்காமலே, "மீ ஆல்சோ ஸாட்" என்றாள். இலக்கணம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அன்று காலை அந்த அறையில் நான் கேட்ட ஆங்கிலத்தில் மனப்பாடம் அல்லாத முதல் வாக்கியம் அது.

சிரித்த முகம், அழுத முகம் ஒட்டிய அட்டைகளும் சுவரில் இருந்தன. தினமும் வந்ததும் தன் முகத்தைத் தொட வேண்டும். எல்லாரும் மஞ்சள் சிரிப்பைத் தொட்டுவிட்டு ஓடுவார்களாம். அட்டை முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக நிற்க வேண்டியிருக்கிறது. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

முடிக்கும் நேரத்தில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். "டீச்சர், போர் அடிச்சா என்ன பண்றது?"

"போர்டுன்னு சொல்லணும். என்ன ஆக்‌ஷன் வைக்கலாம், நீங்களே சொல்லுங்க."

கொட்டாவி என்றான் ஒருவன். அது ஸ்லீப்பிக்குப் போயாச்சு என்று மறுத்தார்கள். தரையில் படுத்துவிடலாம் என்று ஒருவன் படுத்தே காட்டினான். கடைசியில், தாடையைக் கையில் தாங்கிப் பெருமூச்சு விடுவது என்று முடிவானது. உற்சாகமாகப் பாடினார்கள்.

"என் பாடத்துல எவனாவது இதைப் பண்ணுங்க, அப்புறம் இருக்கு" என்றார் டீச்சர்.

அடுத்து கணக்கு. கடன் வாங்கிக் கழித்தல். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பின்வரிசையில் மூன்று பேர் தாடையைக் கையில் தாங்கியிருந்தார்கள்.